பட்டறைப் பதில்கள்: பனியில் இறங்கும் பழைய டிராக்டர்

இந்த வாரம் மூன்று கடிதங்கள். மூன்றாவதுக்குப் பதில் நீளம், அதனால் மற்ற இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன்.

கேள்வி: ரிங்லெட்டில் தேயிலைத் தோட்டத்துக்கு உரம் ஏற்றும் மாஸி பெர்குசன் 135 ஓட்டுகிறேன். விடியற்காலையில் எஞ்சின் பிடிக்க நேரமாகிறது, வெள்ளைப் புகை கக்குகிறது. பகலில் ஒரே சுழற்றில் பிடித்துவிடுகிறது. இதே டிராக்டர் கீழே தாப்பாவில் ஓடியபோது இந்தத் தொல்லை இல்லை. – ரிங்லெட் வாசகர்

பதில்: தம்பி, அந்த வெள்ளைப் புகை எரியாமல் வெளியே வரும் டீசல். டீசல் எஞ்சினுக்குப் பொறி கிடையாது. காற்றை அமுக்கும்போது வரும் சூட்டில்தான் எண்ணெய் பற்றும். இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் ரிங்லெட் இருக்கும் கேமரன் மலையில் சாதாரண விடியலே 15 டிகிரி அளவில் இருக்கும். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி வரை இறங்கியிருக்கிறது.

உங்கள் 135இல் இருக்கும் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு சூடேற்றி இருக்கும். தெர்மோஸ்டார்ட் என்று பெயர். சாவியைச் சூடேற்றும் பக்கம் திருப்பிப் பிடித்தால் அது பழுத்து, சொட்டுச் சொட்டாக வரும் டீசலைக் கொளுத்தி, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும். கீழ்நாட்டில் அதற்கு வேலையே இல்லாததால் பல வண்டிகளில் ஒயரைக் கழற்றிவிட்டிருப்பார்கள். முதலில் ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு வரும் மெல்லிய எண்ணெய்க் குழாய் அடைத்திருக்கிறதா, ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். ஒழுகுகிற தெர்மோஸ்டார்ட்டை மாற்றாமல் விடாதீர்கள். அது சரியாக இருந்தும் புகை வந்தால், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதிக்கக் கொடுங்கள்.

கேள்வி: செம்பனைக் குலை ஏற்றும் மினி டிராக்டர் வைத்திருக்கிறேன். மழைக்காலம் வந்தால் டீசல் பில்டரில் தண்ணீர் நிற்கிறது. டாங்கி மூடி நன்றாகத்தான் இருக்கிறது. – சுங்காய் வாசகர்

பதில்: டாங்கியை விடுங்கள், உங்கள் டீசல் டிரம் எங்கே நிற்கிறது? மழையில் நிமிர்ந்து நின்றால் அதுதான் காரணம். டிரம்மின் தலையில் மழைத்தண்ணீர் குளம்போல் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரியும், இரவில் சுருங்கும். சுருங்கும்போது, இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் அந்த மூடியின் மரை வழியாகவே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். டிரம்மைப் படுக்கப் போட்டு, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இடமும் வலமுமாக இருக்கும்படி வையுங்கள். இரண்டும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் வெளிக்காற்றும் தண்ணீரும் உள்ளே போகாது. வேலை முடிந்த மாலையிலேயே டாங்கியை நிரப்பிவிடுங்கள். பாதி காலியான டாங்கி இரவில் வியர்க்கும். 2019இல் நம் மலேசியப் பம்புகளில் 10 விழுக்காடு செம்பனை எரிபொருள் கலந்த டீசல் வரத் தொடங்கியது. வெறும் டீசலைவிட அது தண்ணீரைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். டாங்கி அடியில் கறுப்பாக வழவழவென்று பாசி படிவதும் அந்தத் தண்ணீரால்தான்.

கேள்வி: போர்மேன் ஐயாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் உங்களோடு டிராக்டர் ஓட்டியவர், காலமாகி ஒன்பது வருடமாகிறது. மகன் கனடாவில், ஒட்டாவாவுக்கு வெளியே கிராமத்தில் வீடு வாங்கியிருக்கிறான். வாசலிலிருந்து ரோட்டுக்கு 100 மீட்டர் கல் பாதை, பனி மூடினால் வேலைக்குப் போக முடியாது. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பழைய ஜான் டியர் 430 தோட்டத்து டிராக்டரை, முன்னால் மாட்டும் பனி வாரியோடு (சுழலும் திருகால் பனியை வாரிக் குழாய் வழியாக வீசும் கருவி) வாங்கியிருக்கிறான். “எனக்கு எஞ்சின் தெரியும், பனி தெரியாது, போர்மேன் ஐயாவைக் கேளுங்கம்மா” என்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் படித்துக் காட்டுவேன். எனக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள் ஐயா. – பீடோர் வாசகி

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் எஞ்சினைத் தட்டுவதற்கு முன் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, கொஞ்சம் டீசலை ஒரு மைலோ டப்பாவில் பிடிப்பார். டப்பாவைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டுவார். அடியில் முத்து மாதிரி ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டால் இன்னும் கொஞ்சம் ஒழுகவிடுவார். பட்டறையில் வேறு யாரும் அதைத் தினமும் செய்து நான் பார்த்ததில்லை. மகனுக்கு அந்த டப்பாவை நினைவுபடுத்துங்கள். நான் சொல்லப்போவது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான். நம் ஊரில் தண்ணீர் துருவாக்கும், அதற்கு வருடக்கணக்காகும். அங்கே தண்ணீர் உறைந்து, 9 விழுக்காடு பருத்து, ஒரே ராத்திரியில் இரும்பைப் பிளந்துவிடும்.

எனக்கும் பனி தெரியாமல்தான் இருந்தது. 2016 டிசம்பரில் மனிதோபாவில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் தங்கினேன். அங்கே கார்களின் முகப்பிலிருந்து மின்சாரப் பிளக் தொங்குவதைப் பார்த்து முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எஞ்சினைச் சூடாக்கும் கம்பியின் பிளக் அது. ராத்திரி வண்டியை நிறுத்தியதும், நாம் கைப்பேசியைச் சார்ஜில் போடுவதுபோல் மாட்டிவிடுகிறார்கள். மருமகனிடமும் ஒரு சின்ன டீசல் டிராக்டர் இருந்தது. பாதியைப் பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்லிக் கற்றேன், மீதியைத் தவறு செய்து கற்றேன்.

மகன் வாங்கியிருக்கும் 430 நல்ல வண்டி. 1984இல் வரத் தொடங்கியது. மூன்று சிலிண்டர் யன்மார் டீசல், 20 குதிரைத்திறன். முப்பது வருடத்துக்கு மேல் ஆன வண்டி, முன்பு எதை ஊற்றி வைத்திருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விற்றவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், உள்ளே இருக்கும் ஒவ்வொரு திரவத்தையும் கண்ணால் பார்த்துவிடச் சொல்லுங்கள். பனி விழுந்த பிறகு இதைச் செய்ய விரல் வளையாது. அக்டோபரில் செய்ய வேண்டிய வேலை.

முதலில் ரேடியேட்டர். நம் தோட்டத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினோம், மகனும் அதைப் பார்த்து வளர்ந்தவன். அங்கே அது கூடவே கூடாது. உறையாமல் காக்கும் கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். அதிகமாக ஊற்றினால் அதிகமாகத் தாங்கும் என்று நினைத்துத் தனிக் கூலண்டை ஊற்றிவிடப் போகிறான். தண்ணீர் கலக்காத கூலண்ட் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். கலவையில்தான் அதன் பலம். பழையதை இறக்கும்போது ரேடியேட்டரோடு நிறுத்தாமல் எஞ்சின் பிளாக்கில் இருக்கும் வடிகால் திருகையும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய தண்ணீர் உள்ளேயே தங்கி, அளந்து ஊற்றிய கலவையைக் கெடுத்துவிடும். இறக்கிய கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். இனிக்கும் விஷம் அது. நாயும் குழந்தையும் நக்கினால் உயிர் போகும்.

அடுத்தது டீசல். அம்மா, நம் செம்பனைச் சமையல் எண்ணெயை ஐஸ்பெட்டியில் வைத்தால் என்ன ஆகும்? முதலில் கலங்கும், அப்புறம் அடியில் வெள்ளையாகக் கட்டும். டீசலில் மெழுகு இருக்கிறது, கடும் குளிரில் அதற்கும் இதே கதிதான். அதற்காகவே அந்த நாட்டுப் பம்புகளில் குளிர்காலத்துக்கு வேறு டீசல் விற்கிறார்கள். ஆபத்து பம்பில் இல்லை, கொட்டகையில் இருக்கும் கேனில் இருக்கிறது. மருமகன் செப்டம்பரில் வாங்கி வைத்த கேன் ஒன்று இருந்தது. ஜனவரியில் ஒரு காலை, மைனஸ் 27 டிகிரி, நான்தான் அதை எடுத்து டாங்கியில் ஊற்றினேன். எஞ்சின் பிடித்தது. ஏழு நிமிடம் ஓடி, மூச்சுத் திணறுவதுபோல் இழுத்து இழுத்து நின்றது. பில்டர் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே உறைந்த நெய். விரலால் தொட்டால் விரல் பதிந்தது. உறையாமல் இருக்க ஊற்றும் மருந்தை அப்புறம் வாங்கி வந்து ஊற்றினோம், ஒரு பயனும் இல்லை. மெழுகு கட்டுவதற்கு முன்னால் கலந்தால்தான் அது வேலை செய்யும். வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, ஹீட்டர் வைத்து, அரை நாள் காத்திருந்தோம். பேத்தி அன்று பள்ளிக்குப் போகவில்லை.

ஆகையால் மகன் கோடை டீசலை அக்டோபருக்குள் ஓட்டித் தீர்க்கட்டும். குளிர்கால டீசல் நிரப்பும்போதே மருந்தையும் கலக்கட்டும். பில்டரைப் புதிதாக மாற்றி, இன்னொன்றை வீட்டுக்குள் சூட்டில் வைத்திருக்கட்டும். மாற்றிய பிறகு டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது அப்பாவிடம் பார்த்துப் பழகியதுதான். தினமும் அந்த மைலோ டப்பா. நம் ஊரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இன்ஜெக்டரைத்தான் கெடுக்கும். அங்கே அது குழாயிலேயே கல்லாகி வழியை அடைக்கும்.

430ஐ ஓட வைப்பது கியர் இல்லை, எண்ணெய் அழுத்தம். அந்த ஹைட்ராலிக் எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய வண்டி வெளியே மழையில் நின்றிருந்தால் இது சகஜம். எண்ணெயையும் பில்டரையும் மாற்றியே ஆக வேண்டும், இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. எஞ்சின் எண்ணெய் கோடையில் 15டபிள்யூ40 ஊற்றியிருந்தால் அதையும் குளிரில் இளகி ஓடும் 5டபிள்யூ40க்கு மாற்றலாம், வண்டிக் கையேட்டில் இருக்கும் வெப்பநிலை அட்டவணையோடு ஒத்துப் பார்த்துவிட்டு. குளிரில் பழைய எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும், ஸ்டார்ட்டர் பாவம் அதை இழுக்க முடியாமல் திணறும். டயரில் கனத்துக்காக நாம் தண்ணீர் ஏற்றுவோமே, அதையும் முன்பு யாராவது செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அங்கே காரின் கண்ணாடி கழுவும் உறையாத நீரை ஏற்றுகிறார்கள். புல்தரை டயராக இருந்தால் பின்சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாயம்.

பேட்டரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் தெம்பு ஏறக்குறைய பாதியாகிவிடும், எஞ்சினோ சுழல இரண்டு மடங்கு பலம் கேட்கும். அங்கே விற்கும் பேட்டரிகளில் குளிரில் எவ்வளவு ஆம்பியர் தரும் என்று அச்சடித்திருப்பார்கள். அந்த எண் 430க்குக் கையேடு கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரி தானே உறைந்து வெடித்துவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சின் பிடிப்பதற்கு முன் சிலிண்டருக்குள் சூடேற்றும் குளோ பிளக் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். மூன்றையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, சோதனை விளக்கின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொட்டால் போதும். விளக்கு எரியாத பிளக் செத்தது. ஒன்று செத்தாலும் நம் ஊரில் தெரியாது, அங்கே மைனஸ் 10இலேயே தெரிந்துவிடும். எஞ்சின் சூடேற்றி ஒன்று, 400 வாட் அளவில் போதும், கடையில் கேட்டுப் பொருத்திக்கொள்ளட்டும். டைமர் போட்டு, எடுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு ஓடினால் போதும், ராத்திரி முழுக்க மின்சாரம் ஓட வேண்டியதில்லை.

ஒரே ஒரு பழக்கத்தை மகன் இங்கேயே விட்டுவிட வேண்டும். காலையில் பிடிக்காத எஞ்சினுக்கு நம் ஆட்கள் காற்று வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பார்கள், அல்லது எண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காட்டுவார்கள். குளோ பிளக் இருக்கும் எஞ்சினில் ஸ்பிரே அடித்தால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே அது பற்றி, வளையத்தை உடைக்கும், கம்பியை வளைக்கும். எஞ்சினில் சூடேற்றும் கருவி இருக்கும்போது அந்த ஸ்பிரே டப்பாவே கொட்டகையில் இருக்கக் கூடாது.

பிடித்ததும் உடனே ஓட்ட வேண்டாம். பத்து நிமிடம் நிதானமாக ஓடட்டும், மிதியைத் தொடாமல். ஹைட்ராலிக் எண்ணெய் இளகிய பிறகு முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திப் பார்க்கலாம். கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். புகை வாசமே இல்லாமலும் ஆளை மயக்கும்.

இனி பனி வாரி. பனி விழுவதற்கு முன்னால் பாதையின் இரண்டு ஓரத்திலும் உயரமான குச்சிகளை நட்டுவைக்கச் சொல்லுங்கள். ஒட்டாவாவில் ஒரு பருவத்தில் 2 மீட்டருக்கு மேல் பனி கொட்டும், அது மூடிய பிறகு பாதை எது, பள்ளம் எது என்று தெரியாது. கல் பாதை என்பதால் வாரியின் அடிச்சறுக்கு இரும்பை இறக்கி, வெட்டும் விளிம்பு இரண்டரை சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி வைக்க வேண்டும். அப்படி வைக்காவிட்டால் கல்லை வாரி ஜன்னலில் வீசும். உள்ளே திருகைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட், எதாவது சிக்கினால் தானே உடைந்து மற்றதைக் காப்பாற்றுவதற்கென்றே செய்தது. ஷியர் போல்ட் என்பார்கள். அது உடைந்துகொண்டே இருக்கிறதே என்று கெட்டியான போல்ட் போட்டால், அடுத்த முறை பல்சக்கரப் பெட்டி உடையும். அதே அளவில் ஒரு டஜன் வாங்கி வைக்கட்டும்.

அம்மா, கடைசியாக ஒன்று. இதை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் இரண்டு தரம்.

1987இல் ஒரு தோட்டத்தில் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில், அதாவது எஞ்சின் பலத்தை வேறு கருவிக்குக் கொடுக்கும் சுழலும் தண்டில், பம்பு மாட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்டின் மேல்மூடி எப்போதோ உடைந்து, யாரும் மாட்டவில்லை. பக்கத்தில் நின்ற பையன் கைலி கட்டியிருந்தான். அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு விநாடியில் ஒன்பது தரம் சுற்றும். கைலி நுனி தொட்டதை யாரும் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய்த் தண்டை நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. பையன் உயிர் பிழைத்தான், கால் போய்விட்டது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

மகன் அங்கே கைலி கட்ட மாட்டான், ஆனால் கழுத்தில் சால்வை சுற்றுவான், ஜாக்கெட்டில் கயிறு தொங்கும். வண்டியில் ஏறும்போது சால்வை வீட்டிலேயே இருக்கட்டும், கயிறு உள்ளே சொருகியிருக்கட்டும். ஈரப்பனி வந்தால் வாரியின் வீசுகுழாய் அடைத்துக்கொள்ளும். அரை நிமிடத்தில் கையால் தட்டிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. அடைத்தால் பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லாம் நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். அதற்குப் பிறகும் கையை விடக் கூடாது. எஞ்சின் நின்றாலும் அடைப்பில் இறுகியிருக்கும் வாரியின் சுழலும் தகடு, அடைப்பு விலகிய நொடியில் சடாரென்று ஒரு சுற்று சுற்றும். விரலுக்கு அது போதும். கைநீளக் குச்சி ஒன்றை வாரியோடு கட்டி வைத்திருக்கட்டும். நம் வீட்டுத் துடைப்பக் கட்டையே சரியான அளவு.

முதல் பனி விழும் காலையில் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், என் எண் உங்களிடம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒட்டாவா நம்மைவிட 13 மணி நேரம் பின்னால். அவனுக்குக் காலை 7 மணி என்றால் எனக்கு இரவு 8 மணி. சாப்பிட்டு முடித்து வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். எஞ்சின் சத்தத்தைப் போனில் வைத்துக் காட்டினால் மூன்று சிலிண்டரும் அடிக்கிறதா என்று சொல்லிவிடுவேன்.